பின்னேற்பு

கூட்ட அறைக் கதவுக்கு எதிரே போட்டிருந்த மர பெஞ்சில் உட்கார்ந்து தையல்நாயகி ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். ஆமாம். ஆமாம் சார். ஆமாங்க சார். மூன்றில் எது வாயில் இயல்பாக வருகிறது என்று பார்த்தாள். மூன்றும் இரவல் செருப்பு மாதிரி ஒட்டாமல் நின்றன. ஆமாம் சொல்ல ஒரு பெண்பிள்ளைக்குப் பழக்கமா வேண்டும், கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. கதவு திறக்கும். பியூன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவான். உள்ளே தலைமைப் பொறியாளரும் கமிட்டிக்காரர்களும் இருப்பார்கள். போன கார்த்திகை வெள்ளத்தில் வடகரை உடையப்போன அன்று நீங்கள் கொடுத்தது மணல் மூட்டையும் சவுக்குக் கம்பும் மட்டும்தானே, ஆள் வைத்து வேலை ஒன்றும் செய்யவில்லையே என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. டெண்டர் இல்லாமல், ஒப்பந்தம் இல்லாமல், ஒரு துண்டுக் காகிதம்கூடக் கையில் இல்லாமல் அவள் செய்த காரியத்துக்கு அரசாங்கம் இரங்கி வந்து, நடந்தது நடந்ததாகவே இருக்கட்டும் என்று பிற்பாடு ஒப்புதல் கொடுக்கும். அதற்குப் பின்னேற்பு என்று பேர். ஆபீஸ் சூப்பிரண்டு முதல் தடவை அந்த வார்த்தையைச் சொன்னபோது ஏதோ கோயில் சடங்கின் பேர் மாதிரி இருந்தது அவளுக்கு. லேசில் கிடைக்காதும்மா, கவர்மெண்ட்டு யாருக்கும் இப்படி எறங்கி வராது என்று அவர் சொன்னதும் சாமி வரம் கொடுக்கிற தோரணையில்தான் இருந்தது. ஆமாம் சொன்னால் பில் பணம் வரும், அடகு வைத்த வீட்டுப் பத்திரம் பாங்கிலிருந்து திரும்பி வரும். பெஞ்சின் அந்த ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இளங்கோவன் சார் மாதக் கடைசியில் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்று வீடு போய்ச் சேருவார். அவளிடம் கூலிக்கு நின்ற மாசிலாமணி மட்டும் அன்றைக்குக் கரைக்கு வேலைக்கு வந்தவனாக இருக்க மாட்டான். ஆமாங்க சார் என்பதுதான் கொஞ்சம் பரவாயில்லை என்று தோன்றியது.

மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டக்கென்று இடித்துக்கொண்டது. அந்த டக் அவளை விடவில்லை. சவுக்குக் கம்பின் தலையில் சம்மட்டி விழுகிற சத்தம் அது, அதே இடைவெளி, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஆள் மூச்சு வாங்குகிற அளவு. அன்று விடிந்து வெளுத்த நேரம். ஆறு கரைக்குச் சமமாக நின்றது. பார்க்க ஓடுகிற மாதிரியே தெரியவில்லை, பெரிய பழுப்புத் துணியை யாரோ இழுத்துக் கட்டியதுபோல இருந்தது. கரையின் உள்முகத்தில் ஒரு மாட்டுவண்டி அகலத்துக்கு மண் சரிந்து விழுந்துகொண்டே இருந்தது. இளங்கோவன் சார்தான் போன் செய்தார். உதவி செயற்பொறியாளர், இந்தக் கரைக்குப் பொறுப்பு அவர். அவர் தெற்குக் கரையில் இன்னொரு உடைப்பில் நின்றுகொண்டிருந்தார். மழையில் பாதி வார்த்தை கேட்கவில்லை. ஆனால் கேட்க வேண்டியது கேட்டது. மூட்டைய எறக்குங்கம்மா, பேப்பரெல்லாம் நான் பாத்துக்கறேன் என்றார். இதில் புதுசு ஒன்றும் கிடையாது. வெள்ளம் வந்தால் முதலில் வேலை, அப்புறம்தான் எஸ்டிமேட், அதற்கப்புறம்தான் டெண்டர். ஆறு டெண்டர் திறக்கிற தேதிவரைக்கும் காத்துக்கொண்டிருக்குமா? புருஷன் சிவசாமி காண்டிராக்ட் எடுத்த காலத்திலிருந்து அப்படித்தான் நடந்திருக்கிறது. முடிந்துபோன வேலைக்கு விளம்பரம் வரும், முடித்தவரே குறைந்த ரேட் போடுவார், மற்ற காண்டிராக்டர்கள் ஒப்புக்கு ஒரு ரேட் எழுதிப் போட்டுவிட்டு டீ குடித்துப் போவார்கள். எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாது. சிவசாமிக்கு வாதம் அடித்து ஒரு பக்கம் விழுந்து, லைசென்ஸ் அவள் பேருக்கு மாறிய பிறகும் இரண்டு வெள்ளம் அப்படித்தான் கரையேறியது. இந்தத் தடவைதான் எல்லாம் கம்ப்யூட்டர் என்றார்கள். கம்ப்யூட்டர் பின்தேதி போடாது. மனுஷனாக இருந்தால் கெஞ்சலாம், அதனிடம் என்ன சொல்லிக் கெஞ்சுவது? அதற்குத் தெரிந்ததெல்லாம் அவள் அன்றைக்குக் கரையில் இல்லை என்பதுதான்.

இளங்கோவன் சார் செருமினார். அவள் திரும்பவில்லை, அவரும் திரும்பவில்லை என்று திரும்பாமலே தெரிந்தது. காலையில் வந்தவுடன் அவர்தான் கீழே கேண்டீனிலிருந்து டீ வாங்கிவரச் சொல்லிக் கொடுத்தார். ஒரு இன்ஜினியர் காண்டிராக்டருக்கு டீ வாங்கிக் கொடுப்பதை இந்த மாடி பார்த்திருக்காது. அதைக் குடிக்கும்போது, அவர் தன்னிடம் ஏதோ கேட்கப்போகிறார் என்று அவள் பயந்தாள். அவர் கேட்கவில்லை. சின்ன மருமகன் துபாயிலிருந்து வந்திருக்கிறான், ரிடையர்மெண்ட் அன்றைக்கு மண்டபத்தில் சாப்பாடு போட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான் என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லாமலிருந்திருக்கலாம். கேட்டிருந்தாலாவது கோபப்பட்டிருக்கலாம். கடைசி நாளில் சஸ்பெண்ட் பண்ணுவது இந்த ஆபீஸ்களில் வழக்கம்தான், அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். முன்னால் இருந்த ஒருத்தருக்கு மாலை போட்டு, ஆளாளுக்குப் பேசி, பொன்னாடை போர்த்தி, கேசரியும் மிக்சரும் தின்று முடித்த நேரத்தில் ஒரு கவர் வந்தது. அவர் அந்த மாலையைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் அதோடேயே பஸ் ஏறினார். இளங்கோவன் சார் ஒரு பைசா வாங்காத மனுஷன். வாங்குகிறவர்களெல்லாம் அன்று போனை அணைத்து வைத்துவிட்டு வீட்டில் இருந்தார்கள், இவர்தான் இடுப்பளவு தண்ணீரில் நின்று வார்த்தை கொடுத்தார். அந்த வார்த்தையால் ஏழு ஊர் பிழைத்தது. விதி என்ன சொல்கிறது என்றால், அதிகாரம் இல்லாமல் வாய்வார்த்தையாக வேலை கொடுத்தது குற்றம். அந்த வேலையில் ஒரு ஆள் செத்தால் அது வேறு மாதிரியான குற்றம். மூட்டை சப்ளை மட்டும் என்றால் குற்றம் ஒன்றும் இல்லை, கடைக்காரர் சாமான் கொடுத்த கணக்கு. சூப்பிரண்டு ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்துப் பிடித்த வழி இது. பில்லிலிருந்து கூலி என்கிற ஒரு வரியை எடுத்துவிட்டால் எல்லாரும் தப்பித்தோம் என்றார். அந்த வரிக்குள் ஒரு ஆள் இருக்கிறான் சார் என்று அவள் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள்.

தாகம் இப்போதும் எடுத்தது. தண்ணீர் டிரம் அந்தக் கோடியில் இருந்தது; எழுந்து போனால் அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிடுவார்கள். போன் பைக்குள் அதிர்ந்தது. சிவசாமிதான். எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப அடிப்பார். வாதம் வந்த பிறகு அவருக்குப் பாதி வார்த்தை குழறும், அதட்டல் மட்டும் முழுசாக வரும். கூப்பிட்டாங்களா, இன்னும் இல்லையா, ஆமான்னு சொல்லிட்டு வா, நீ பாட்டுக்கு எதையாவது பேசி வைக்காதே என்றார். சரி என்று வைத்துவிட்டாள். அன்று மதியம் போலீஸ் வந்தபோதும் அவர்தான் பேசினார். குழறலை நிதானம் என்று ஏட்டு எடுத்துக்கொண்டார். வெள்ளம் வேடிக்கை பார்க்க வந்த ஆளுங்க, கால் வழுக்கிருச்சு, நாங்க என்னா பண்றது. ஏட்டு அதையே எழுதிக்கொண்டார். வேடிக்கை பார்க்க! மாசிலாமணி பக்கத்து ஊர்த் தேர்கூட வேடிக்கை பார்க்கப் போக மாட்டான், போனால் ஒருநாள் கூலி போகும். தையல்நாயகி அப்போது பக்கத்தில்தான் நின்றாள். ஈரப் புடவை காலைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தது, குளிரில் பல் தந்தியடித்தது, பல் தந்தியடிக்கும்போது எப்படிப் பேசுவது என்று தனக்குத்தானே சாக்கு சொல்லிக்கொண்டாள். அந்தச் சாக்கு இன்று வரைக்கும் உயிரோடுதான் இருக்கிறது. ஊருக்குள் வேடிக்கை என்பது ஒரு வாரத்தில் குடி ஆகிவிட்டது. குடித்துவிட்டு ஆற்றைப் பார்க்கப் போய் விழுந்தான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அஞ்சலை காதுக்கும் அது போயிருக்கும். மாசிலாமணி பெண்டாட்டி அஞ்சலை, வாயில்லாத பூச்சி, ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். வாசலோடு நின்றாள். தையல்நாயகி உள்ளே போய் இருந்த பணத்தை எடுத்து வந்து நீட்டினாள். அஞ்சலை அதை வாங்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, அவள் கண் அதன்மேல் போகவே இல்லை. "வேலைக்குத்தானக்கா வந்தாரு?" என்று கேட்டாள். ஆமாண்டி என்றாள் தையல்நாயகி. அந்த ஆமாம் எவ்வளவு சுலபமாக வந்தது. அதைக் கேட்டுக்கொண்டு அஞ்சலை போய்விட்டாள்.

கயிறு. யோசனை எந்தப் பக்கம் சுற்றினாலும் கடைசியில் அந்தக் கயிற்றில்தான் வந்து மாட்டும் என்று தெரிந்து, அந்தப் பக்கம் போகாமல் சுவரில் மாட்டியிருந்த அணைக்கட்டுப் படத்தையே பார்த்தாள். படத்தில் வானம் நீலமாக, தண்ணீர் நீலமாக, மனுஷர் ஒருத்தரும் இல்லாமல் எல்லாம் அழகாக இருந்தது. இவர்கள் மாட்டுகிற படம் எதிலும் மனுஷர் இருக்க மாட்டார்கள். ஆற்றில் இறங்குகிறவன் இடுப்பில் கட்டுகிற கயிறு இரண்டாவது லாரியில் இருந்தது. இரண்டாவது லாரி பாலத்துக்கு அந்தப் பக்கம் சேற்றில் மாட்டிக்கொண்டது. மேலேயிருந்து மூட்டையை எறிந்து பார்த்தார்கள், எறிய எறிய ஆறு வாங்கிக்கொண்டு போனது, அரிசி மூட்டையை வாங்கிப்போகிற வியாபாரி மாதிரி அலட்டிக்கொள்ளாமல். முதல் வரிசையை ஆள் இறங்கித்தான் வைக்க வேண்டும். காலால் தடவி, கம்புக்கு இந்தப் பக்கம் அணைவாக வைத்து, மேலே ஏறி நின்று மிதித்து, அது உட்கார்ந்த பிறகுதான் இரண்டாவது வரிசை நிற்கும். அது எல்லாருக்கும் கைவராது. மாசிலாமணி லுங்கியை அவிழ்த்துவிட்டு டவுசரோடு நின்று அவளைப் பார்த்தான். கயிறு வந்துரட்டுமாக்கா என்றான். கேட்டானா, இல்லை அப்படிப் பார்த்தானா? கேட்டான் என்றுதான் நினைக்கிறாள். சில நாள் அவன் கேட்கவே இல்லை, கயிறு வர்றதுக்குள்ள கரை போயிரும்க்கா என்று அவனாகவே சொல்லிவிட்டு இறங்கினான் என்று ஞாபகம் வரும். அந்த ஞாபகம் வருகிற நாளில் தூக்கம் வரும். அதனாலேயே அதன்மேல் அவளுக்குச் சந்தேகம். அவள் தலையை ஆட்டியது மட்டும் நிச்சயம். மழைத்தண்ணீர் கண்ணுக்குள் போனதால் ஆட்டினாளோ, வேண்டாம் என்று ஆட்டினாளோ, அதெல்லாம் வக்கீலுக்கு. அவன் அதை இறங்கு என்று எடுத்துக்கொண்டான், அவளும் அப்படித்தான் ஆட்டினாள். முதல் வரிசை உட்கார்ந்தது. கையை உயர்த்திக் காட்டினான். இரண்டாவது வரிசைக்கு மூட்டையை இறக்கிக்கொண்டிருக்கும்போதே அவன் நின்ற இடத்தில் கம்பு ஒன்று பிடுங்கிக்கொண்டு மேலே வந்தது, அவன் இல்லை. சத்தமே இல்லை. சத்தம் போட்டிருந்தால்கூட ஒரு மாதிரி இருந்திருக்கும். அவன் வைத்த மூட்டை அசையவில்லை. அதன்மேல்தான் மற்ற மூட்டை எல்லாவற்றையும் அடுக்கிக் கரையை நிறுத்தினார்கள். அடுக்குகிறவரைக்கும் யாரும் அழவில்லை.

சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பின்னேற்பு கிடையாது. அனுமதியில்லாத வேலை, அதில் ஒரு சாவு. அவள்மேல் கேஸ் வரும், லைசென்ஸ் போகும், பத்திரம் பாங்கோடு போகும், சிவசாமி ஒரு கையால் தலையில் அடித்துக்கொள்வார். இளங்கோவன் சார் மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். அஞ்சலைக்காவது உடனே ஏதாவது கிடைக்குமா என்றால் அதுவும் நிச்சயமில்லை, கோர்ட்டு ஆபீஸ் என்று எத்தனை வாசல் ஏற வேண்டுமோ. சொல்லாவிட்டால், வருகிற பணத்திலிருந்து அஞ்சலைக்குக் கை நிறையவே கொடுக்கலாம், அவள் மகள் கல்யாணத்துக்குப் பவுன் போடலாம், யார் வேண்டாம் என்றது? கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆமாம்தான் சரி. எத்தனை தடவை கூட்டினாலும் அதே விடைதான் வந்தது. விடை சரியாக இருந்தும் மறுபடி முதலிலிருந்து கூட்டினாள். செத்தவன் வந்து கேட்கவா போகிறான் என்று சிவசாமி சொன்னது உண்மைதான், அவன் கனவில்கூட வந்து கேட்டதில்லை. உயிரோடு இருந்தபோதும் எதையும் வாய்விட்டுக் கேட்டவன் இல்லை. கதவு திறந்தது, பியூன் அவள் பேரையும் இளங்கோவன் சார் பேரையும் சேர்த்துக் கூப்பிட்டான்.

உள்ளே ஏசி குளிர் முகத்தில் அடித்தது. தலைமைப் பொறியாளர் மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒல்லியான மனிதர், உக்காருங்கம்மா என்று கையைக் காட்டினார். பக்கத்தில் மடிக்கணினியோடு ஒரு டைப்பிஸ்ட் பெண். கமிட்டிக்காரர் ஒருத்தர் மணியைப் பார்த்துக்கொண்டார். எதிர்பார்த்த கேள்வியே வந்தது, எதிர்பார்த்த வார்த்தைகளில். ஆமாங்க சார் என்றாள். அத்தனை நேரம் பழகியது வீண்போகவில்லை, சொந்தச் செருப்பு மாதிரி வந்தது. அறையில் எல்லாரும் கொஞ்சம் தளர்ந்து சாய்ந்தார்கள். இளங்கோவன் சார் மூச்சை விட்டது அவளுக்குக் கேட்டது. தலைமைப் பொறியாளர் நிதானமாகச் சொல்லச் சொல்ல அந்தப் பெண் அடித்தாள்: ஒப்பந்ததாரர் அவசரம் கருதிப் பொருள்களை மட்டும் உரிய நேரத்தில் வழங்கியுள்ளார், அதனால் உயிர்ச்சேதம் ஏதுமின்றிக் கரை காப்பாற்றப்பட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல மனுஷன், மனசாரப் பாராட்ட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். "பெரிய காரியம்மா. இவ்ளோ பெரிய வெள்ளத்துல ஒரு உசுருகூடப் போகல பாருங்க."

இதற்கும் ஆமாம்தான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள்.

"போச்சு சார்."

என்னம்மா என்றார் அவர். ஒரு உசுரு போச்சு சார், மாசிலாமணின்னு எங்க ஆளு, மொத வரிசை மூட்டைய வைக்க ஆத்துக்குள்ள எறங்குனான், நான்தான் எறங்கச் சொன்னேன், வேடிக்கை பாக்க வரல சார், வேலைக்கு வந்தான். இவ்வளவையும் எப்படி ஒரே மூச்சில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தலைமைப் பொறியாளரின் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் தங்கிப் பிறகு போனது. இளங்கோவனைப் பார்த்தார். இளங்கோவன் சார் எழுந்து நின்றார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்கத் தையல்நாயகிக்குத் தைரியம் இல்லை, சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததுதாங்க சார் என்றார் அவர்.

தலைமைப் பொறியாளர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னார், முன்னைவிட மெதுவாக: இதை எழுதினால் மற்றதை எழுத முடியாதும்மா, உங்கள் மனு இந்த இடத்தோடு நின்றுவிடும், தெரிகிறதா? தெரியுதுங்க சார் என்றாள். அவர் டைப்பிஸ்ட் பக்கம் திரும்பித் தலையை அசைத்தார். அந்தப் பெண் அடித்ததை அழித்துவிட்டுப் பேரைக் கேட்டாள். மாசிலாமணி. இனிஷியல் என்னங்க மேடம்?

தையல்நாயகிக்கு அது தெரியாது. எத்தனை வருஷம் அவன் அவள் கரையில் நின்றிருக்கிறான், எத்தனை சனிக்கிழமை கூலி வாங்கியிருக்கிறான், மாசிலாமணி என்று கூப்பிட்டால் திரும்புவான், அதற்கு முன்னால் ஒரு எழுத்து உண்டு என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இளங்கோவன் சாரைப் பார்த்தாள், அவருக்கும் தெரியாது. ஒரு நிமிஷம் சார் என்று பையைத் துழாவிப் போனை எடுத்து அஞ்சலையைக் கூப்பிட்டாள். அறை முழுக்க அந்த மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வயல் வேலையில் இருந்தாள் போலிருக்கிறது, மூச்சு வாங்க எடுத்தாள்.

"அஞ்சல, மாசிலாமணியோட அப்பா பேரு என்னாடி?"

அந்தப் பக்கம் யாரோ மாட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது.

"எதுக்குக்கா? அவரு பேர எழுதிக்கிறாங்களா?"

"எழுதிக்கிறாங்க" என்றாள் தையல்நாயகி.